அக்கா இருந்த விரதங்கள்

1

இந்த ரமலான் மாதத்தில் ஒரு நாள், உச்சிவெயில் நேரம். நான் வேலை பார்க்கும் தம்மாம் மருத்துவமனையின் பிரசவப் பிரிவுக்கு ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியைத் தாங்கிப் பிடித்தபடி கொண்டுவந்தார்கள். வயது இருபதுகூட இருக்காது. நாக்கு வறண்டிருந்தது, நாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. மாத்திரையைக் கொடுத்தால் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். டாக்டர் வந்து என்ன விஷயம் என்று கேட்டார். அவர் எகிப்துக்காரர், தலை நரைத்தவர். நான் எனக்குத் தெரிந்த அரபியில் "ஹிய நாயிமா" என்றேன்.

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் கண்ணை அகலத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கண்ணைத் திறந்துகொண்டா தூங்குகிறாள்?" என்று சிரித்தார். 'ஸாயிமா' என்றால் நோன்பு இருப்பவள். 'நாயிமா' என்றால் தூங்குகிறவள். இத்தனை வருஷமாகியும் இந்த மொழி என் வாயில் இப்படித்தான் வழுக்குகிறது.

அவர் கட்டிலருகே உட்கார்ந்து அவளிடம் மெதுவாகப் பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. நோயாளிக்கும், பயணம் போகிறவருக்கும், பிள்ளையைச் சுமப்பவளுக்கும் கடவுளே விலக்குக் கொடுத்திருக்கிறான், விட்ட நாளைப் பிறகு இருந்து ஈடுகட்டிக்கொள் என்றார். அவள் அழுதாள். அப்போது கூட வந்திருந்த மாமியார், கறுப்பு அங்கிக்குள்ளிருந்து கையை நீட்டித் தண்ணீர்க் குவளையை எடுத்தாள். மருமகளின் பின்னந்தலையைத் தாங்கி, வாயில் குவளையை வைத்து, குழந்தைக்குப் புகட்டுவதுபோல் புகட்டினாள். அந்தப் பெண் குடித்தாள்.

நான் துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என்னோடு வேலை செய்யும் மலையாளி சிஸ்டர் வந்து, "எந்தா சரஸ்வதி, சுகமில்லே?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஊரில் இருக்கிற என் அக்காவைப் பற்றி எழுதவேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

2

அக்கா பெயர் பச்சையம்மாள். எங்கள் வீடு அடி அண்ணாமலையில், மலையைச் சுற்றிப் போகிற பாதையின் மேலேயே இருந்தது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம். மணிலாக் கொட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவார். பசி பொறுக்காதவள் அக்கா. களி கிண்டி இறக்குவதற்குள் துடுப்பில் ஒட்டியதை வழித்துத் தின்பாள். "இவள கட்டினுப் போறவன் ரெண்டு ஏர் ஜாஸ்தி ஓட்டணும்" என்று நைனா சொல்லிச் சிரிப்பார்.

எழுபதுகளின் நடுவில் அவளைத் திருவண்ணாமலை டவுனில் ஒரு அரிசி மண்டிக்காரர் வீட்டில் கொடுத்தோம். மாப்பிள்ளை பெயர் ஏழுமலை. மாமனார் இல்லை. மண்டியை மகன் பார்த்தான், வீட்டை மாமியார் கன்னியம்மாள் பார்த்தாள். முன்கட்டில் மூட்டை மூட்டையாக அரிசி அடுக்கியிருக்கும். பெண் சோற்றுக்குக் கஷ்டப்பட மாட்டாள் என்று அம்மா நிம்மதியாக இருந்தாள்.

மூன்று வருஷமாகியும் குழந்தை இல்லை. ஒருநாள் மாமியார், "சஷ்டி இரும்மா, முருகன் கண்ணத் தொறப்பான்" என்றாள். அக்கா சந்தோஷமாகத்தான் இருந்தாள். எங்கள் ஊரில் விரதம் இருப்பது புதிதல்ல. நைனாவே மாதக் கிருத்திகைக்கு ஒருபொழுது இருப்பார். காலையில் குளித்து நீறு பூசி, பகலெல்லாம் கழனியில் வேலை செய்து, பொழுது சாய்ந்து சாமி கும்பிட்ட பிறகு இலை போடச் சொல்வார். அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும், யாரையும் அதட்ட மாட்டார். வயிறு காலியாக இருந்தால் மனசுக்கு இடம் கிடைக்கிறது என்பார். அதனால் அக்கா சஷ்டி இருக்கிறாள் என்றதும் நாங்கள் நல்லதென்றே நினைத்தோம்.

சஷ்டியோடு நிற்கவில்லை. கிருத்திகை வந்தது. அப்புறம் சோமவாரம். வெள்ளிக்கிழமை அம்மனுக்கு. பிரதோஷம், பௌர்ணமி, அமாவாசை. ஐப்பசியில் கேதார கௌரி நோன்பு. அம்மன் தவமிருந்து சாமி உடம்பில் பாதியை வாங்கிய ஊர் எங்களுடையது. அதைச் சொல்லியே கன்னியம்மாள் ஒவ்வொரு விரதமாகச் சேர்த்தாள். ஒவ்வொன்றுக்கும் கதை உண்டு, பலன் உண்டு. ஒன்றையும் தப்பு என்று யாராலும் சொல்ல முடியாது.

3

நான் அப்போது வேலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு விடுமுறையில் அக்கா வீட்டில் சில நாள் தங்கினேன். முதல் நாள் மத்தியானம் எனக்கும் மாமாவுக்கும் இலை போட்டு அக்கா பரிமாறினாள். கத்தரிக்காய்க் குழம்பு, அவள் கைப்பக்குவம். "நீ உக்காரலியாக்கா?" என்றேன்.

"அவளுக்கு இன்னிக்கு விரதம்மா" என்று மாமியார் பதில் சொன்னாள்.

மறுநாளும் அதே பதில். அதற்கடுத்த நாள் எந்த விசேஷமும் இல்லை. ஆனாலும் அக்கா இரண்டு வாழைப்பழமும் அரை டம்ளர் பாலும்தான் சாப்பிட்டாள். மாமா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்து மண்டிக்குப் போனார்.

அடுப்படியில் அக்கா கையைப் பிடித்துப் பார்த்தேன். வளையல் முழங்கை வரை ஏறியது. நகம் வெளுத்திருந்தது. "மாசாமாசம் தலைக்கு ஊத்திக்கிறியா?" என்று நர்ஸ் படிப்புக்காரியாகக் கேட்டேன்.

"எப்பவோ ஒருதரம்" என்றாள்.

"அப்புறம் எப்படிக்கா கொழந்த நிக்கும்? ஒடம்புல ரத்தமே இல்லியே."

அவள் பின்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "காலைல அரிசி அளக்கறது அத்ததான். அளக்கும்போதே என் வயித்த விட்டுட்டுத்தான் அளக்கறாங்க. இன்னிக்கு விரதம் இல்லன்னு நான் எப்படிடி போய்ச் சொல்றது?"

முன்கட்டில் கூலிக்காரர்கள் அரிசி மூட்டையை இறக்கிப் போடும் சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் நான் கன்னியம்மாளிடமே கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை. வெற்றிலையை மடித்தபடியே சொன்னாள். "நான் துன்னாதேன்னா சொன்னேன்? சாமிக்கு இருக்கறா. நானும் இப்படி இருந்துதான் இவன பெத்தேன். இவனுக்கு முன்ன நாலு போச்சு. என் மாமியாக்காரி எனக்குப் பழங்கூட குடுக்கல. இவளுக்கு நான் பால் குடுக்கறேனே."

அவள் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

4

டவுனில் அக்காவுக்குப் பெயர் வந்துவிட்டது. 'மண்டி வீட்டு விரதக்காரம்மா' என்றால் எல்லோருக்கும் தெரியும். கல்யாணம் நிச்சயமான பெண்களைக் கூட்டிவந்து அவள் கையால் குங்குமம் வாங்கிக்கொண்டு போனார்கள். கோயிலில் வரிசை விலகி வழி விட்டது. சும்மா கிடந்த ஒரு மருமகளை ஊர் நிமிர்ந்து பார்த்தது, அவள் சாப்பிடாததால்தான்.

பௌர்ணமிதோறும் வெறும் காலோடு மலையைச் சுற்றுவாள். அந்தக் காலத்தில் இப்போதுபோல் கூட்டம் கிடையாது. நிலா வெளிச்சத்தில் பத்துப் பேர், இருபது பேர் என்று போவார்கள். வழியில் எங்கள் வீடு. அம்மா சாயங்காலத்திலிருந்தே மோர் கரைத்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். அக்கா வருவாள், அம்மாவைப் பார்ப்பாள், நிற்க மாட்டாள். வலம் வரும்போது வீடு புகக்கூடாது, வாயில் எதுவும் படக்கூடாது. அம்மா சொம்போடு கூடவே நடப்பாள். "ஒரு வாய்டி பச்ச, ஒரே வாய்." அக்கா தலையை மட்டும் ஆட்டுவாள். ஊர் எல்லை வரை போய்விட்டு, அம்மா அந்த மோரை வேலியோரம் ஊற்றிவிட்டுத் திரும்புவாள்.

ஒருமுறை நைனா அவளைக் கட்டாயமாக எங்கள் ஊர்க் கோயில் குருக்களிடம் அழைத்துப் போனார். நானும் போயிருந்தேன். குருக்கள் அக்காவை உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"அம்மா, உபவாசம்னா வயித்தக் காயப்போடறதுன்னு யார் சொன்னா? கிட்டக்க போய் இருக்கறதுன்னு அர்த்தம். பகவானண்ட போய் உக்காரச்சே சமையல், சாப்பாடுன்னு மனசு ஓடப்படாது, அதுக்காக ஆகாரத்தக் கொறைச்சுக்கறது. அவ்வளவுதான். உடம்பு முடியாதவா, பிள்ளத்தாச்சி, கொழந்தேள், தள்ளாதவா, இவாளுக்கெல்லாம் கட்டாயமே கெடயாது. தாகத்துக்குத் தண்ணி குடிச்சா விரதம் முறியாது. இது நானாச் சொல்லலே, சாஸ்திரமே சொல்றது."

நைனா அக்கா முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இனி யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, சாஸ்திரமே விலக்கு தந்துவிட்டது என்று நினைத்தேன்.

அக்கா எழுந்து அவரைக் கும்பிட்டாள். "நான் கிட்ட போயிட்டேன் சாமி. இப்ப எழுந்து வரச் சொல்றீங்களே" என்றாள்.

திரும்பி வரும்போது வரப்பில் என்னிடம் தனியாகச் சொன்னாள்: "இத வுட்டா எங்கிட்ட இன்னாடி இருக்குது? புள்ள பெறாதவ. அந்த வூட்ல ஒரு மூலைல கெடப்பேன். இப்ப என் கால்ல வுழறாங்க சரசு."

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. வேண்டும் என்றால் சாப்பிடலாம் என்கிற வீட்டில் சாப்பிடாமல் இருப்பது விரதம். நைனா இருந்தது அது. அக்காவுக்கு முதலில் விதித்தது பட்டினி. வேறு வழியில்லாமல் அதையே தன் சொத்தாக மாற்றிக்கொண்டாள். பட்டினியை யாராவது நிறுத்தச் சொல்லலாம். சொத்தை விடச் சொன்னால் யார் விடுவார்கள்?

5

கல்யாணமாகி நானும் என் வீட்டுக்காரரும் தம்மாமுக்கு வந்தோம். அவருக்கு ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை. எங்கள் மகள் கவிதா இங்கே இந்தியப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவள் பேசுகிற தமிழில் பாதி இந்தி. போன வாரம், "அம்மா, நம்ப ரோஸா எப்போ வரும்?" என்று கேட்டாள். ரோஸா என்றால் இந்தியில் நோன்பு. நமக்கு ரோஸா இல்லை, விரதம் என்றேன். "அப்டின்னா?" என்றாள். எப்படிச் சொல்வதென்று யோசித்தேன். எங்கள் ஊரில் சாயபுமார்களும் நாங்களும் நோன்பு என்ற ஒரே வார்த்தையைத்தான் சொல்வோம், பக்கத்து வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வரும் என்று ஆரம்பித்தேன். அவள் அதற்குள் டி.வி. பக்கம் திரும்பிவிட்டாள். பெரியம்மா கதையைச் சொல்ல வாயெடுத்தவள் விட்டுவிட்டேன். பசி என்றால் பள்ளிக்கூடத்து மணி அடிக்கும்வரை காத்திருப்பது என்று மட்டும் தெரிந்த பிள்ளை. அது அப்படியே இருக்கட்டும்.

நாங்கள் வந்த இரண்டாம் வருஷம் அம்மா எழுதச் சொல்லி யாரோ எழுதிய கடிதம் வந்தது. அக்கா முழுகாமல் இருக்கிறாள் என்றிருந்தது. நான் சந்தோஷப்படவில்லை. நர்சுக்கு அது சந்தோஷச் செய்தியாகத் தெரியவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், சாப்பிட வையுங்கள் என்று பதில் எழுதினேன். சில மாதம் கழித்துத் தந்தி வந்தது: பச்சையம்மாள் கவலைக்கிடம், உடனே வரவும்.

இந்த நாட்டில் நினைத்தவுடன் விமானம் ஏற முடியாது. பாஸ்போர்ட் மருத்துவமனை அலுவலகத்தில் இருக்கும். லீவு எழுதிக்கொடுத்து, அதில் மூன்று பேர் கையெழுத்து வாங்கி, போய் வருகிற விசா குத்தி வாங்க வேண்டும். அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையானவர். டீ கொடுத்தார். "யாருக்கு உடம்பு?" என்றார். "உக்தி" என்றேன், என் சகோதரி. அவர் வருத்தத்தோடு தலையசைத்தார். பெற்றோர், கணவன், குழந்தை என்றால் அவசர லீவு உண்டு, சகோதரிக்கு விதி இல்லை என்றார். தாய் என்று எழுதிக்கொடு, முடித்துத் தருகிறேன் என்று அவரே யோசனையும் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். உயிரோடு இருக்கிற அம்மாவைச் சாகக்கிடக்கிறாள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சாதாரண லீவு கிடைத்து நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

6

நடந்ததை அம்மா சொன்னாள்.

குழந்தை நின்றது தெரிந்ததும் டவுனே திரண்டு வந்ததாம். விரதம் பலித்துவிட்டது என்று அக்காவுக்கு மாலை போட்டார்களாம். கன்னியம்மாள் அன்றைக்கே விரதத்தையெல்லாம் நிறுத்தச் சொன்னாள். நெய் காய்ச்சினாள், கீரை கடைந்தாள், மூன்று வேளையும் சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு அக்கா பின்னாலேயே நடந்தாள். அக்கா வாங்கவில்லை.

"சாப்பிடாம இருந்ததுக்குத்தான் குடுத்தாரு. சாப்பிட்டா திருப்பி வாங்கிப்பாரு" என்றாளாம்.

"நான் சொல்றேன்டி, உன் கால்ல வுழறேன், துன்னு" என்று கன்னியம்மாள் நிஜமாகவே காலில் விழுந்தாளாம். அக்கா பயந்துபோய் இரண்டு கவளம் விழுங்கினாள். அடுத்த நிமிஷமே வெளியே வந்துவிட்டது. அத்தனை வருஷம் காய்ந்த வயிறு சோற்றை ஏற்கவில்லை. அதைச் சாமியின் உத்தரவு என்று எடுத்துக்கொண்டாள். அதற்குப்பின் பால்கூடக் குறைந்தது.

எட்டாம் மாதம் வலி வந்தது. ஆண் குழந்தை. கையளவுதான் இருந்தது என்றாள் அம்மா. பிறந்த குழந்தை அழவேயில்லை. பெரிய டாக்டரம்மா, "இந்தப் பொண்ணுக்குச் சோறு போட்டீங்களா இல்லியா?" என்று வார்டே கேட்கக் கத்தினாராம்.

கட்டிலருகே நின்று கன்னியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகிற வாயால், "விரதத்துல எங்கியோ கொற வச்சிட்டாளே பாவி" என்றாள்.

அக்கா அதுவரை கண்ணை மூடிக் கிடந்தவள், கண்ணைத் திறந்து மாமியாரைப் பார்த்தாளாம். ரொம்ப நேரம் பார்த்தாளாம். அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, "யம்மா, சோறு இருந்தா போடு" என்றாள்.

அம்மா ஆஸ்பத்திரி வாசலில் வாங்கிவந்த இட்லியைக் கரைத்துக் கரைத்து ஊட்டினாள். அது வெளியே வரவில்லை.

நான் போனபோது அவள் எங்கள் வீட்டில் இருந்தாள். மண்டி வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அடுத்த தையில் ஏழுமலைக்கு வேறு பெண் கட்டினார்கள்.

7

அக்கா இப்போதும் அடி அண்ணாமலையில்தான் இருக்கிறாள். நைனா போய்விட்டார், அம்மாவும் அவளுமாக இருக்கிறார்கள். உடம்பு ஓரளவு தேறிவிட்டது. புத்திதான் சரியில்லை என்கிறது ஊர். அப்படிச் சொல்லக் காரணமும் இருக்கிறது.

போன கார்த்திகையில் லீவு போட்டுத் தீபத்துக்கு ஊருக்குப் போனேன். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலும் பகலில் அடுப்பு எரியாது. சாயங்காலம் மலை உச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் வாயில் தண்ணீர் படும். நானும் இருந்தேன், தம்மாமில்கூட நான் விடாத ஒரே விரதம் அது. காலையில் எழுந்தால் அக்கா உலை வைத்திருந்தாள். வாசலில், தெருவே பார்க்க, இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். தண்ணீர்க்குடத்தோடு போன பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "தீபம் பாக்காம துன்னுதே, தெய்வக்குத்தம்" என்று ஒருத்தி சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

"ஏன்க்கா இப்படி? உள்ள உக்காந்து சாப்புடேன்" என்றேன்.

"சாமி மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லடி" என்றாள். "துன்றவளும் இருக்கறான்னு நாலு பொண்ணுங்க பாக்கட்டும்."

அது மட்டுமில்லை என்பதைச் சாயங்காலம் பார்த்தேன். ஒரு சட்டியில் சோறும் குழம்பும் போட்டு மூடி, இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். "எங்க போறா?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"விரத நாளானா இதே வேல. புதுசா கல்யாணமான பொண்ணுங்க இருக்கற வூடா பாத்துப் போவா. மாமியாருங்க கதவச் சாத்திக்குவாங்க. நீ கூடப் போ, போன தடவ ஒருத்தி தண்ணிய மூஞ்சில ஊத்திட்டா."

நான் பின்னால் ஓடினேன். மேலத்தெருவில் ஒரு ஓட்டு வீட்டு முன்னால் அக்கா நின்றிருந்தாள். கதவு சாத்தியிருந்தது. அந்த வீட்டில் மாமனார், மாமியார், மகன், மகள், வைகாசியில் வந்த மருமகள் என்று ஐந்து பேர். மருமகள் பெயர் தேவகி. முழுகாமல் இருக்கிறாள், நாலு மாதம் என்று அம்மா நான் கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தாள்.

"தேவகி, வாம்மா. ஒரு வாய் துன்னுட்டுப் போ" என்று அக்கா கதவைத் தட்டினாள்.

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. "போம்மா, நல்ல நாளும் அதுவுமா. எங்க பொண்ண நாங்க பாத்துக்குவோம்."

"அவள பேசச் சொல்லு."

சற்றுப் பொறுத்து ஒரு சின்னக் குரல். "எனக்குப் பசிக்கல பெரியம்மா. நீங்க போங்க."

அக்கா போகவில்லை. சட்டியைக் கீழே வைத்து வாசற்படியில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். தெருவில் எல்லோரும் மலையைப் பார்த்து நின்றார்கள். உச்சியில் பொறிபோல ஒன்று தெரிந்து, குப்பென்று தீபம் எழுந்தது. ஊரே "அரோகரா" என்று கத்தியது. எனக்குத் தன்னால் கை குவிந்தது. அக்கா மலைப் பக்கம் திரும்பவில்லை, கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தெரு காலியானது. வீட்டுக்கு வீடு விளக்கு வைத்து, சாப்பிட உட்கார்ந்தார்கள். இந்த வீட்டுக்குள்ளும் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

"நாலு" என்றாள் அக்கா.

"பரிமாறிட்டுக் கடைசியா உக்காருவாளா இருக்கும்க்கா. வா போலாம், எனக்கே பசிக்குது."

"நீ போய்த் துன்னுடி" என்றாள். "அஞ்சாவது தட்டு கேட்டுட்டு நான் வரேன்."

நான் போகவில்லை. உள்ளே அவர்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற சத்தம் கேட்டது. பாத்திரம் தேய்க்கிற சத்தமும் கேட்டது. அதன் பிறகும் அக்கா அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.